வரைபடத்தின் மேல் வைத்த கோப்பை

அன்புள்ள அண்ணே,

இன்று காலை ஈப்போ பசாரில் ஒரு சீனப் பெண்மணி கெராங் அளந்துகொண்டிருந்தார். தகர டின்னால் அள்ளித் தராசுத் தட்டில் கொட்டும்போது அந்தச் சத்தம் கேட்டது. ஈரமான சின்னக் கற்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். கடலோரச் சேற்றில் வளரும் அந்தச் சிறு சிப்பிக்கு இந்த நாட்டில் எந்த மொழி பேசுகிறவரும் சொல்லும் பெயர் கெராங்தான். நான் மீன் வாங்கப் போனவன். மீனை மறந்துவிட்டு ஒரு கிலோ கெராங்கோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மனைவி அதைச் சட்டியில் போட்டு உப்புத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்திருக்கிறாள். சேற்றைக் கக்கி முடிக்க மூன்று மணி நேரமாவது ஆகும். இரண்டு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். இதுவும் நீங்கள் சொல்லித் தெரிந்துகொண்டதுதான். அதுவரை எனக்கு வேலை இல்லை. உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் பெயரை இந்த மடலில் எழுதப்போவதில்லை. அந்த ஊரின் பெயரையும் எழுதப்போவதில்லை. பேராக் கடலோரத்தில், ஆறு கடலில் சேரும் இடத்தில் இருந்த ஒரு சிறுநகர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எழுபதுகளின் பிற்பகுதியில் நான் காட்டியிருக்க வேண்டிய கவனம் இது.

அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு ஈப்போ நிருபர். லகாட் முதல் பாகான் செராய் வரை என் வட்டாரம். பாதி வாழ்க்கை பஸ்ஸில் போனது. அந்தச் சிறுநகருக்குப் போனால் அரசாங்க ரெஸ்ட் ஹவுஸில்தான் சாப்பாடு. அங்கே நீங்கள் சமையல்காரர், பரிமாறுபவர், கதவு பூட்டுகிறவர், எல்லாம். அதற்கு முன் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாக் குசினியில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு, கடைசி வெள்ளைக்காரத் துரையும் கப்பல் ஏறியபோது, அவர் கொடுத்த ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடலோரம் வந்து சேர்ந்தீர்கள். ரெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு தந்தார்கள். வேலை இருக்கும் வரை வீடு. தோட்டத்து லயத்தில் பிறந்த நம்மில் யாருக்கும் அந்த வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை.

முதல் நாளே உங்களை அண்ணே என்றேன். நீங்கள் என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பது வெகுநாள் கழித்து உங்கள் அடையாள அட்டையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

“இப்ப என்ன செய்றது? தம்பின்னு கூப்பிடவா?” என்றேன்.

“வேணாம் லா. வந்த மரியாதைய எதுக்குத் திருப்பி அனுப்பணும்?” என்றீர்கள்.

அதனால் இன்று வரை அண்ணேதான்.

துரை பங்களாவில் நீங்கள் கற்ற வித்தை ஒன்று உண்டு. ஓர் அறையில் இருந்துகொண்டே இல்லாமல் இருப்பது. உங்களுக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலமும் பேசமாட்டீர்களே தவிர ஒரு சொல் விடாமல் புரியும். ரெஸ்ட் ஹவுஸில் கூட்டம் நடந்தால் அதிகாரிகள் சுவரருகே நின்று பேசுவதுபோல உங்கள் காதருகே நின்று பேசினார்கள். நான் நிருபன் அல்லவா, எத்தனையோ முறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். “இன்னைக்கு சம்பால் நல்லா வந்திருக்கு, அத எழுதுங்க,” என்பீர்கள். மூன்று ஆண்டுகள் அப்படித்தான். கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பதும் உங்கள் வேலையின் ஒரு பகுதி என்று எனக்கும் புரிந்திருந்தது.

பிறகு அந்த எண்ணெய் வந்தது.

ஜலசந்தியில் ஒரு கப்பலின் வயிறு கிழிந்ததாகச் சொன்னார்கள். எப்படி என்பதில் ஆளுக்கொரு பேச்சு. காற்று கரைப் பக்கம் அடித்ததால் மூன்றாம் நாள் எண்ணெய் நம் மணலுக்கு வந்துவிட்டது. நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே புதிதாகத் தார் போட்ட சாலையின் வாடை. கடற்கரையில் முதலில் நான் கவனித்தது சத்தத்தை. அலை உடையவில்லை. கனமான ஈரத்துணியை யாரோ மடித்து மடித்துப் போடுவதுபோல இருந்தது. கோணிப்பையும் தேங்காய் மட்டையும் வைத்துக்கொண்டு முழங்கால் வரை கறுத்துப்போய் ஆட்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ரப்பர்ப் பால் எடுக்கும் வாளிகளும் வந்திருந்தன. அந்த வாளிகளைப் பிடித்திருந்த கைகள் உள்நாட்டுத் தோட்டங்களிலிருந்து லாரியில் வந்தவை.

அள்ளுவதை யார் பொறுப்பில் செய்வது என்பதில்தான் அரசியல் தொடங்கியது. கடல் துறைமுக இலாகாவுக்கு உரியது. கரை மாவட்ட அலுவலகத்துக்கு உரியது. அலை ஏறி இறங்கும் இடைப்பட்ட சேறு யாருக்கு உரியது என்பதற்கு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் கடிதங்கள் பறந்தன. அந்தச் சேற்றில்தான், ஆற்றுமுகத்துக்குத் தெற்கே, கெராங் படுகைகள் இருந்தன. எண்ணெய் இன்னும் அங்கே போகவில்லை. குஞ்சு விதைத்து ஒன்றரை ஆண்டு காத்திருந்தவர்கள் தினமும் படகில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கப்பல் கம்பெனியின் ஏஜெண்ட் ஒருவர் டிரம் டிரம்மாக ரசாயனத்தோடு வந்திறங்கினார். தெளித்தால் எண்ணெய் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். எங்கே போகும் என்று கேட்டவர் ஒருவர்தான், மீன்வள இலாகாவின் இளம் அதிகாரி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஈப்போவில் பிறந்தவர், வேலை இன்னும் நிரந்தரமாகாதவர். ஆறு மாதமாக ரெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தும் உங்களோடு ஒரு சொல் தமிழ் பேசியதில்லை. “முட்டை ரெண்டு வேணும்னாக்கூட இங்கிலீஷ்லதான் கேப்பாரு. முட்டைக்கும் புரியணும்ல,” என்று நீங்கள் சிரித்தது நினைவிருக்கிறது.

எல்லோருக்கும் ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. சனிக்கிழமை. கோலாலம்பூரிலிருந்து துணையமைச்சர் வருகிறார். கடற்கரையில் மீன் விருந்து. இந்தக் கடல் மீனை அஞ்சாமல் சாப்பிடலாம் என்று அவர் சாப்பிட்டுக் காட்டுவார், கேமராக்கள் படம் எடுக்கும். அதற்குள் கடல் நீலமாகிவிட வேண்டும் என்று உத்தரவு. நம் ஜலசந்தி எந்தக் காலத்தில் நீலமாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை மதியம் நான் வந்தபோது நீங்கள் குசினிக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டீர்கள்.

“பேப்பர்காரரே, எழுதுவீங்களா, சும்மா கேட்டுட்டுப் போவீங்களா?”

“என்னண்ணே, புதுசா இருக்கு?”

“எழுதுறதா இருந்தா சொல்றேன். இல்லாட்டி டீ குடிச்சிட்டு மூணு மணி பஸ்ஸுக்குப் போங்க.”

“எழுதுறேன்.”

“உக்காருங்க. வெங்காயத்த நீங்களும் எடுத்துக்குங்க. யாராச்சும் பாத்தா வேல செய்ற மாதிரி இருக்கும்.”

நான் உரித்தேன். நீங்கள் சொன்னீர்கள். அன்று காலைக் கூட்டத்தில் ஐந்து பேர். மாவட்ட அதிகாரி, துறைமுக அதிகாரி, போலீஸ் அதிகாரி, கப்பல் ஏஜெண்ட், மீன்வள அதிகாரி. ஆற்றுமுகம் வரைக்கும் ரசாயனம் தெளித்தால் எண்ணெயோடு சேர்ந்து அதுவும் அடிச்சேற்றுக்குப் போகும் என்று மீன்வள அதிகாரி சொல்லியிருக்கிறார். மீன் ஓடிவிடும், கெராங் எங்கே ஓடும் என்று கேட்டிருக்கிறார். அதற்கு ஏஜெண்ட், “கெராங்குக்கு ஓட்டு இல்லையே,” என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அதே நேரம் மீன்வள அதிகாரிக்கு ஈப்போவிலிருந்து டிரங்கால் வந்து, அவர் முன்கூடத்துத் தொலைபேசிக்குப் போயிருக்கிறார்.

“அவரு போயி ஒரு கப்பு டீ ஆறுற நேரம் இருக்கும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. வியாழக்கெழம காலையில ரெண்டு படகுல தெளிக்கப் போறாங்க. கடற்கரையில ஆரம்பிச்சு ஆத்துக்குத் தெக்கால வரைக்கும். படுகையும் சேத்து. சனிக்கெழம ஒரு கறுப்புக் கோடு தெரியக் கூடாதாம்.”

“வரைபடம் ஏதாச்சும் வச்சுப் பேசினாங்களா?”

நீங்கள் கத்தியைக் கீழே வைத்தீர்கள்.

“வச்சாங்க. மேசையில விரிச்சாங்க. கடக்காத்து, ஒரு முனை சுருண்டு சுருண்டு வருது. மாவட்ட ஆபீசரு துவான் என்னையப் பாத்து, ‘இதப் புடி’ன்னாரு. எங் கையில அவருக்குக் கொண்டாந்த கப்பு இருந்திச்சு. அத வச்சேன். எங்க வச்சேன் தெரியுமா? கெராங் படுகை மேலயே. படுகை முழுசும் கப்புக்கு அடியில போயிருச்சு. அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் அது யாரு கண்ணுக்கும் தெரியல. அந்த ஆபீசரு போன வச்சிட்டுத் திரும்பி வாரப்ப துவான் கப்ப எடுத்துக் குடிச்சிட்டிருந்தாரு.”

என் குறிப்பேட்டில் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். நான் கோடு போட்டதை நீங்கள் பார்த்தீர்கள்.

“உங்க பேரு வராதுண்ணே,” என்றேன்.

“என்னா பேரு. அங்க எம் பேரு எவனுக்குத் தெரியும்? ‘குக்’குன்னுதான் கூப்பிடுறாங்க,” என்று அடுத்த வெங்காயத்தை எடுத்தீர்கள்.

என் வேலையை நான் ஒழுங்காகத்தான் செய்தேன். மாவட்ட அலுவலகத்துக்குப் போய்க் கருத்து கேட்டேன். துவான் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். படுகை வைத்திருந்த சீன முதலாளியை, தௌக்கேயைப் பார்த்தேன். அவர் சிகரெட்டை அணைத்துவிட்டு, “வியாழக்கிழமையா?” என்று மட்டும் மலாயில் கேட்டார். உங்கள் பெயர் இல்லை, ரெஸ்ட் ஹவுஸ் என்றும் இல்லை, ‘நம்பத்தகுந்த வட்டாரம்’ என்று போட்டுத் தொலைபேசியில் செய்தியைப் படித்தேன். ஆனால் கோப்பையை விடவில்லை. அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருந்த துணையாசிரியர் நிறுத்தி, “கப்பு விசயம் பிரமாதம். அத மொத பாராவுக்குத் தூக்கிடுறேன்,” என்றார். எனக்குக் காது சிவந்தது. அது என்னுடைய வாக்கியம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை பத்து மணிக்குள் செய்தியின் மொழிபெயர்ப்பு மாவட்ட அதிகாரியின் மேசையில் இருந்தது. தமிழ்ப் பத்திரிகையை யார் படிக்கிறார்கள் என்று அந்நாளில் எங்களைக் கிண்டல் செய்வார்கள். அரசாங்கத்தில் அதைப் படிப்பதற்கென்றே ஆள் இருந்தது. மதியத்துக்குள் படுகைக்காரர்கள், சீனரும் மலாய்க்காரரும் நம்மவரும், சேறு அள்ளும் நீளப் பிடிக் கூடைகளோடு மாவட்ட அலுவலகத்தின் முன் நின்றார்கள். யாரும் கத்தவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். நான்கு மணிக்கு ஈப்போவிலிருந்து உத்தரவு வந்தது. ஆற்றுமுகத்தை அண்டிய எந்த இடத்திலும் தெளிக்கக் கூடாது.

அன்று மாலையே படுகைக்காரர்கள் கயிற்றில் மூங்கிலும் தேங்காய் நார் அடைத்த கோணியும் கோத்து, படுகைக்குக் குறுக்கே மிதக்கவிட்டார்கள். எண்ணெய் உள்ளே வராமல் அது தாங்கியது. நான் வியாழக்கிழமை ஈப்போவில் இருந்துகொண்டு முந்தைய நாள் பத்திரிகையில் ஐந்து பிரதிகள் தேடி வாங்கினேன்.

அதே புதன்கிழமை மதியம் ரெஸ்ட் ஹவுஸில் நடந்ததை உங்கள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. மீன்வள அதிகாரிதான் பல ஆண்டுகள் கழித்து ஈப்போவில் சொன்னார். மாவட்ட அதிகாரி அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, மொழிபெயர்ப்புத் தாளை மேசையில் வைத்தாராம். “செய்தி தமிழ்ப் பத்திரிகையில் வந்திருக்கிறது. மேசையைச் சுற்றி இருந்த தமிழர் நீங்கள் ஒருவர்தான். தெளிக்கக் கூடாது என்று சொன்னவரும் நீங்கள்தான்,” என்றாராம்.

நீங்கள் தட்டோடு வந்தீர்கள். தட்டை மேசையில் வைத்தீர்கள். போகாமல் நின்று மலாயில் சொன்னீர்கள்.

“துவான், அந்தக் கப்ப வச்சது நான். இந்தத் துவான் அப்ப போன்ல இருந்தாரு. அவரு அத பாக்கவே இல்ல.”

மாவட்ட அதிகாரி தாளைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். “நீயும் தமிழன்தானே,” என்று, மறந்திருந்த ஒன்று திடீரென்று நினைவு வந்தவர்போலச் சொன்னாராம். ஒரு மாத நோட்டீஸ். வேலைக்கும் வீட்டுக்கும் சேர்த்து.

எனக்கு இது வெள்ளிக்கிழமை தௌக்கேயின் ஆள் மூலம் தெரிந்தது. நோட்டீஸ் என்பது மட்டும் தெரிந்தது, காரணம் கோப்பை என்பதும் தெரிந்தது. சனிக்கிழமை விருந்துக்குப் போகாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். ஆசிரியர் விடவில்லை.

சவுக்கு மரங்களுக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேசை. மணலை யாரோ வாரி ஒழுங்கு செய்திருந்தார்கள். மீன், ஈப்போவிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் வந்த மீன். பெட்டியின் பக்கத்தில் ஈப்போ வியாபாரியின் அடையாளம் சிவப்பு மையில் இருந்தது. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. நீங்கள் வெள்ளைச் சட்டையில் அங்குமிங்கும் பரிமாறிக்கொண்டிருந்தீர்கள். என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்கும் உங்களுக்கும் பழக்கம் என்று தெரிந்துவிடும் என்று பார்க்கவில்லையா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கோபம் என்றே எடுத்துக்கொண்டேன்.

துணையமைச்சர் மீனைப் பிட்டு வாயருகே கொண்டுபோனார். கேமராக்கள் தயாராயின. அப்போது நீங்கள் குசினிப் பக்கமிருந்து ஒரு பெரிய மங்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். ஆவி பறந்தது. சரியாக அவருக்கு முன்னால் வைத்தீர்கள். வெந்து வாய் பிளந்த கெராங், ஓரத்தில் மிளகாய்ச் சம்பால்.

“துவான், இது இந்த ஊரு கெராங். இன்னைக்குக் காலையில ஆத்துக்குத் தெக்க எடுத்தது,” என்று மலாயில் சொன்னீர்கள். எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி.

பரிமாற வேண்டியவற்றின் பட்டியலில் கெராங் இல்லை. துணையமைச்சர் மாவட்ட அதிகாரியைப் பார்த்தார். அவர் உங்களைப் பார்த்தார். நோட்டீஸ் கொடுத்தவர், வாங்கியவர். நான் அந்த மனிதரைப் பற்றி எத்தனையோ விதமாக நினைத்திருந்தேன். அவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு ஒரு கெராங்கை எடுத்தார். கட்டைவிரலால் ஓட்டைத் திறந்தார், சம்பாலில் தொட்டார், சாப்பிட்டார். இரண்டாவதையும் எடுத்தார். பிறகுதான் துணையமைச்சர் கை நீட்டினார். மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது அந்தப் படம்தான். கெராங் லாரிகள் அந்த வாரமே மறுபடி ஈப்போவுக்குக் கிளம்பின.

நோட்டீஸை அவர் திரும்பப் பெறவில்லை. பெற முடியாது என்றும் எனக்குத் தோன்றியது. பெற்றால் செய்தியில் வந்தது சரி என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். ஆனால் நீங்கள் கிளம்பும் நாளில் தன் கைப்பட ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நல்ல சமையல்காரர், நம்பிக்கைக்கு உரியவர் என்று. அதை நீங்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு, பிறகு சிம்பாங் பூலாயில் திறந்த சாப்பாட்டுக் கடையில் மாட்டியிருந்தீர்கள். துரையின் கடிதத்துக்குப் பக்கத்தில்.

அந்தக் கடைக்கு நான் வர எட்டு மாதம் ஆனது. கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரிகள் வரிசையாக நிற்கும் அந்த முச்சந்தியை பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்தேன். ஜன்னல் வழியாக உங்கள் தகரக் கூரை தெரியும். இறங்கமாட்டேன். ஒரு நாள் இறங்கினேன்.

“வாங்க பேப்பர்காரரே. என்னா, பஸ்ஸு பங்ச்சரா? எட்டு மாசமா வருது?”

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அக்கா தட்டு வைத்தார். நீங்கள் சோறு போட்டீர்கள்.

“அண்ணே, அந்தக் கப்ப நான் எழுதியிருக்கக் கூடாது.”

“மொதல்ல சாப்பிடுங்க. ஆறிடும்.”

நான் கை கழுவிய பிறகுதான் எதிரே உட்கார்ந்தீர்கள். “இங்க பாருங்க. கப்பு இல்லாட்டி, அப்படி ஒண்ணும் பேசலன்னு மறுநாளே அறிக்க விட்டிருப்பாங்க. கப்பு இருந்திச்சு, வாய் அடைச்சிருச்சு. கெராங் இன்னும் சேத்துல இருக்கு. நானு இங்க ரோட்டுல இருக்கேன், யாவாரம் பரவால்ல. மத்தத விடுங்க லா.”

எனக்கு ஆறுதல் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். நன்றாக இருந்தது, ஏற்றுக்கொண்டேன், நம்பவில்லை.

எண்பதுகள் முழுக்க மாதம் ஒரு தடவையாவது உங்கள் கடையில் சாப்பிட்டேன். அந்தச் சோற்றை நினைத்தால் இப்போதும் நன்றி தவிர வேறொன்றும் வருவதில்லை. என் செய்திகளை நீங்கள் லாரிக்காரர்களுக்குச் சத்தமாகப் படித்துக்காட்டுவதும், “இந்த எடத்துல பேப்பர்காரரு தூங்கிட்டாரு” என்று நிறுத்துவதும் எனக்குப் பிடிக்கும். எந்த ஆசிரியரும் அவ்வளவு சரியாகக் கண்டுபிடித்ததில்லை. ஒரு நாள் நான் உள்ளே வரும்போது மூலை மேசையில் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நரை தொடங்கியிருந்தது. உங்களைப் பார்த்து, “அண்ணை, ரெண்டு முட்டை தாங்கோ,” என்றார். மீன்வள அதிகாரி. இப்போது ஈப்போவில் பெரிய பதவியில் இருந்தார். நீங்கள் என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தீர்கள். அன்றுதான் அவர் எனக்குத் தாழ்வாரத்தில் நடந்ததைச் சொன்னார், நீங்கள் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது, குரலைத் தாழ்த்தி.

சென்ற ஆண்டு உங்களை மயானத்துக்குக் கொண்டுபோன அன்று அவரும் வந்திருந்தார். கைத்தடியோடு வெயிலில் நின்றார். உங்கள் பெண்கள் இருவரும் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்ததும் அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“நீங்க இன்னும் அந்தக் கப்பையே நெனச்சிக்கிட்டிருக்கீங்களாமே. அவரு சொல்லுவாரு.”

“நான் எழுதினதாலதானக்கா.”

“நீங்க எழுதுவீங்கன்னுதான் சொன்னாரு,” என்றார் அக்கா. “அன்னைக்கிச் சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் வராததுமா, பரண்ல இருக்கிற பெட்டிய எறக்குன்னாரு. எதுக்குன்னேன். பேப்பர்காரருகிட்ட சொல்லிட்டேன், கப்ப பத்தியும் சொல்லிட்டேன், ரெண்டு கோடு போட்டுக்கிட்டாரு, விடமாட்டாருன்னாரு. அத ஏன் சொன்னீங்கன்னு சண்ட போட்டேன். தமிழ்ப் பேப்பர்ல வந்தா அந்த யாழ்ப்பாணத்து ஆபீசரு தலையிலதானே விழும், அவரு ரூம்ல இல்லாதப்ப நடந்தது ஒண்ணு அதுல இருக்கணும்ல, அப்பத்தான் அவரு தப்பிப்பாருன்னாரு. அவரு ஒங்ககிட்ட தமிழே பேசமாட்டாரேன்னேன். கெராங்குக்காக அவரு ஒருத்தருதான் பேசினாரு, அது போதும்னுட்டாரு. பெட்டிய எறக்கிட்டேன்.”

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சுமந்த ஒன்றை ஒருவர் வந்து பக்கவாட்டில் திருப்பி வைத்ததுபோல இருந்தது. பாரம் குறையவில்லை. அதன் முகம் மாறிவிட்டது.

அன்று மதியம் வெங்காயம் உரித்துக்கொண்டே நீங்கள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டீர்கள். படுகை, அந்த அதிகாரி, உங்கள் வீடு. என்னையும் சேர்த்து. நல்ல வாக்கியம் கையில் கிடைத்தால் இவன் விடமாட்டான் என்று தெரிந்து, என் கர்வத்தின் மேல் உங்கள் குடும்பத்தை ஏற்றி அனுப்பினீர்கள். நிருபனாக நான் எத்தனையோ பேரைப் படித்திருப்பதாக நினைத்தவன். என்னை அவ்வளவு சரியாகப் படித்தவர் நீங்கள்.

அதற்காக நான் செய்தது சரியாகிவிடாது. எழுதலாமா என்று உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதுங்கள் என்றே சொல்லியிருப்பீர்கள். அப்போது அது நாம் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும். அந்த எட்டு மாதமும் நான் பஸ் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்திருக்காது.

அந்த வாரத்துக்குப் பிறகு நான் எழுதிய எந்தச் செய்தியையும் இரண்டாம் முறை வேறொரு ஆளாக இருந்து படித்தேன். சொன்னவனைத் தேடிக் கண்டுபிடிக்க நினைக்கும் அதிகாரியாக இருந்து படித்தேன். அதில் ஒரு கோப்பை அகப்பட்டால் உரியவரிடம் திரும்பப் போய்க் கேட்டேன். வேண்டாம் என்றால் எடுத்துவிட்டேன். என் மிக நல்ல வாக்கியங்களில் சில அப்படி அச்சுக்கு வராமல் போயின. அலுவலகத்தில் சிரித்தார்கள். பிறகு அவர்களும், “கப்பு பாத்தாச்சா?” என்று ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்தார்கள். நான் ஓய்வு பெற்ற நாளில் என் மேசைக்கு வந்த பெண் நிருபரும் அதைக் கேட்டார். எங்கிருந்து வந்த பேச்சு என்று அவருக்குத் தெரியாது.

இந்த மடலைத் தொடங்கும் முன்பும் கேட்டேன். சிம்பாங் பூலாய் என்று எழுதினால் பழைய லாரிக்காரர்கள் இரண்டு பேருக்காவது உங்களை யாரென்று தெரிந்துவிடும். அக்காவுக்குத் தொலைபேசியில் பேசி, இதையெல்லாம் எழுதலாமா என்றேன்.

“பேரு வேணாம், அந்தக் கடலோர ஊரு வேணாம். அவருக்குப் பிடிக்காது,” என்றார். பிறகு, நான் வைக்கப்போகும் நேரத்தில் சொன்னார்.

“கப்ப மட்டும் விட்டுடாதீங்க.”

சட்டியில் தண்ணீர் தெளிந்துவிட்டதாம். என் மனைவி கூப்பிடுகிறாள். விடவில்லை அண்ணே. எழுதிவிட்டேன்.